பன்னிரண்டு பதினொன்றரை ஆன ஞாயிறு

பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்றரை இருந்தது.

ஒரு புற்றுநோய் மருத்துவமனையில், கதிர்வீச்சு அறைக்கு வெளியே உள்ள கண்ட்ரோல் மேசையில், நானும் நஸ்ரின் மேடமும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நோயாளிகள் இல்லை. ஏசி சத்தம் மட்டும் கேட்டது. நஸ்ரின் அந்த மருத்துவமனையின் மெடிக்கல் பிசிசிஸ்ட். கதிர்வீச்சு இயந்திரம் எவ்வளவு கொடுக்கிறது, எவ்வளவு ஆழம் போகிறது என்பதற்கெல்லாம் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான். பன்னிரண்டு அவருடைய இயந்திரத்தின் எண், எதிரே கம்ப்யூட்டரில் இருந்த பதினொன்றரை என் காந்தம் சொன்ன எண். இரண்டில் ஒன்று தப்பு.

"இன்னொரு தடவ எடுப்போமா மேடம்?" என்றேன்.

"எடுங்க," என்றார். குரலில் பழைய கலகலப்பு இல்லை.

மறுபடியும் பதினொன்றரை.

எங்கள் மேசை

நான் காரைக்காலில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் டெக்னிக்கல் ஆபீசர். அடுத்த வருடம் ஓய்வு. பிறந்தது சுரக்குடி, குடியிருப்பது கோவில்பத்து, போக்குவரத்து ஸ்கூட்டியில். என் வேலை காந்தங்களை அளப்பது.

காந்தம் விற்கிறவர்கள் அதன் பலம் இவ்வளவு என்று ஒரு எண் கொடுப்பார்கள். அது நடுவில் ஒரு புள்ளிக்கு. ஓரத்தில் எப்படிக் குறைகிறது, மூலையில் எப்படி வெளியே வழிகிறது என்பது அளந்தால்தான் தெரியும். எங்கள் துறையில் ஒரு கருங்கல் மேசை இருக்கிறது. அதன் மேல் காந்தத்தை வைத்து, மூன்று திசையிலும் நகரும் கையில் ஹால் ப்ரோப் என்ற சிறிய உணர்கருவியைப் பொருத்தி, துருவங்களுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படிப்போம். இதற்கு மேப்பிங் என்று பெயர். மேசைக்குப் பக்கத்தில் இரும்பு ஆகாது. மேப்பிங் நாளில் நான் புடவை கட்ட மாட்டேன், சேஃப்டி பின் குத்த வேண்டியிருக்கும். கொண்டை ஊசியும் கிடையாது. தலையை ரப்பர் பேண்டில் முடிந்துகொண்டு போவேன். கடல்காற்றில் ஒயர் முனைகள் பச்சை பிடிக்கும், அதையும் துடைக்க வேண்டும். மற்றபடி நிம்மதியான வேலை. சத்தம் போடாது, நாறாது, யாரையும் ஏமாற்றாது என்றுதான் அதைப் பற்றி வீட்டில் சொல்வேன்.

வடக்கே ஒரு லேசர் ஆய்வகத்திலிருந்து அந்தக் காந்தம் எங்களிடம் வந்தது. அங்கே, காற்றை வெளியேற்றிய ஒரு வேக்குவம் சேம்பருக்குள், மிகப் பெரிய லேசரின் ஒரு துடிப்பை வாயுப் பீச்சு ஒன்றின் மேல் குவிப்பார்கள். கண் இமைப்பதை எத்தனையோ கோடியாகப் பிரித்தால் கிடைக்கிற நேரம்தான் அந்தத் துடிப்பு, ஒவ்வொன்றையும் ஷாட் என்பார்கள். அந்த நேரத்துக்குள் வாயுவிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு பாயும். அவற்றின் எனர்ஜி எவ்வளவு என்பதுதான் கேள்வி. அதற்குத்தான் ஸ்பெக்ட்ரோமீட்டர். எலக்ட்ரானைக் காந்தத்தின் வழியே விட்டால், எனர்ஜி குறைந்தது அதிகம் வளையும், கூடியது கொஞ்சமாக வளையும். பக்கத்தில் நிற்கும் ஒளிரும் திரையில் எங்கே வந்து விழுந்தது என்று பார்த்து எனர்ஜியைச் சொல்லிவிடலாம். ஆனால் காந்தத்தின் மேப் சரியாக இருக்க வேண்டும். மேப் தப்பென்றால் அதன் மேல் கட்டிய எல்லாமே தப்பு.

அந்த ஆய்வகத்தில் குழுத்தலைவர் சேதுராமன். கும்பகோணத்துக்காரர், என்னோடு நிறைய வருடப் பழக்கம். நாங்கள் அளந்து அனுப்பிய காந்தத்தைத்தான் அவர் மூன்று வருடமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். ஒருநாள் போன் செய்தார்.

"மலர், கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுறவங்க எலக்ட்ரான் எனர்ஜிக்கு ஒரு நம்பர் சொல்றாங்க. நம்ம திரை எப்பவும் அதவிடக் கம்மியாவே சொல்லுது. எல்லா ஷாட்லயும். அவங்க ஒங்க மேப் மேலதான் கைய வைக்கிறாங்க."

"மேப் சரிதான் சார்."

"சரின்னு எனக்குத் தெரியும். அவங்களுக்கு எப்படிக் காட்டுறது?"

எனர்ஜி முன்னமே தெரிந்த எலக்ட்ரானை அந்தக் காந்தத்துக்குள் விட்டுப் பார்த்தால் காட்டலாம். அப்படிப்பட்ட எலக்ட்ரான் எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதற்குக் காரணம் என் அக்கா.

அக்காவுக்கு அதற்கு முந்தின வருடம் மார்பில் புற்றுநோய் வந்து ஆபரேஷன் ஆனது. சுரக்குடியில் நிலத்தைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். ஆபரேஷன் முடிந்து கதிர்வீச்சுக்கு நான்தான் கூடப் போவேன். கடைசிச் சில நாட்கள் தழும்பின் மேல் எலக்ட்ரான் வைத்தார்கள். வெளியே காத்திருந்தபோது நஸ்ரின் மேடத்திடம் பேச்சுக் கொடுத்தேன். இயந்திரத்துக்கு லினாக் என்று பெயர். ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து என்று நாலு எனர்ஜியில் எலக்ட்ரான் கொடுக்கும். அதை எம்.இ.வி. என்ற அலகில் சொல்வார்கள்.

"எனர்ஜிதான் மேடம் ஆழம்," என்று அவர் அப்போது எனக்கு விளக்கினார். "ஒங்க அக்காவுக்கு ஒம்போது. தோலுக்குக் கீழ எவ்வளவு போவணுமோ அவ்வளவுதான் போவும், நுரையீரலத் தொடாது."

அவரிடம்தான் போய்க் கேட்டேன். மருத்துவமனையின் தலைமை டாக்டர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று அனுமதி கொடுத்தார். சேதுராமன் காந்தத்தைப் பெட்டி கட்டி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை

காந்தத்தை வைக்க நஸ்ரின் ஒரு தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார். ஈயக் கட்டிகளை ஏற்றி இறக்க வைத்திருந்த வண்டி. மேலே பிளைவுட், அதன் மேல் பச்சை ரப்பர் விரிப்பு. பிளைவுட் என்றால் எங்களுக்குக் கவலை இல்லை. அதன் மேல் காந்தம், அதற்கு முன்னால் சின்னத் துளை போட்ட ஈயக் கட்டி, பக்கத்தில் திரை, திரையைப் பார்க்க ஒரு கேமரா. லினாக்கிலிருந்து வரும் எலக்ட்ரானில் துளைக்குள் நுழைகிற கொஞ்சம் மட்டும் காந்தத்துக்குள் போகும்.

நாலு எனர்ஜியிலும் எடுத்தோம். நாலும் குறைவாக வந்தன. நூற்றுக்கு நாலு பங்கு, ஒரே விகிதத்தில்.

ஒரே விகிதம் என்றதும் எனக்கு என் காந்தத்தின் மேல்தான் சந்தேகம் வந்தது. சொன்னேன்.

"நாலும் சேந்து கொறயுதுன்னா எங்க காந்தமாத்தான் இருக்கும் மேடம்."

அவர் தலையை ஆட்டினார். "என் மெஷினுக்குள்ளயும் ஒரு காந்தம் இருக்கு. எலக்ட்ரான வளச்சுக் கீழ அனுப்புறதே அதுதான். அது எறங்கிருந்தாலும் நாலும் சேந்துதான் எறங்கும்."

"நீங்க மாசாமாசம் பாக்குறீங்கல்ல?"

"பாக்குறேன். போன மாசம் சரியா இருந்துச்சு." என் பக்கம் திரும்பினார். "இந்த நம்பர் நெசம்னா, ஆழத்துல ரெண்டு மில்லிமீட்டர் கொறயும். ஒங்களுக்கு அது சின்னதாத் தெரியலாம்."

எனக்குச் சின்னதாகத் தெரியவில்லை. அந்த எண்ணைப் பார்த்ததிலிருந்து எனக்கு அக்காவின் தழும்புதான் நினைவில் இருந்தது. போன மாதம் சரி என்றால் அக்காவுக்கு வைத்தபோதும் சரியாகத்தான் இருந்திருக்கும். அறிவு அப்படிச் சொன்னது. மனசு கேட்கவில்லை.

நஸ்ரின் எழுந்து போய் டாக்டருக்குப் போன் செய்துவிட்டு வந்தார். "சொல்லிட்டேன். நாளைக்கு எலக்ட்ரான் பேஷண்ட் மூணு பேரு. பதில் தெரியாம யாரயும் படுக்க வைக்க வேணாம்னுட்டாரு. ஒருத்தரு பட்டினச்சேரிலேருந்து வர்றவரு, காதுக்குப் பின்னால கட்டி. கடலுக்குப் போறத விட்டுட்டு வர்றாரு. திருப்பி அனுப்ப மனசு வராது. ஆனா அனுப்புவேன்."

"என்ன பண்ணலாம்?"

"தண்ணிய ஊத்துவோம்," என்றார்.

தண்ணீர்த் தொட்டி

லினாக்கின் எனர்ஜியை அவர்கள் தண்ணீரில்தான் அளப்பார்கள். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர் மாதிரிதான். ஒரு கண்ணாடித் தொட்டியை நிரப்பி, அதற்குள் ஒரு சிறிய டிடெக்டரை மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே போவார்கள். எந்த ஆழத்தில் அளவு பாதியாகிறது என்று பார்த்தால் எனர்ஜி வந்துவிடும். சொல்வதற்கு ஒரு வரி. தொட்டியைக் கொண்டுவந்து, மட்டம் பார்த்து, நிரப்பி, தண்ணீர் அலை அடங்கும்வரை காத்திருந்து அளக்க மத்தியானம் முழுக்க ஆகும். காந்தத்தையும் வண்டியையும் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு ஆரம்பித்தார். நான் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தபோது சேதுராமன் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன்.

"நாலு பர்சென்ட்டா? நாலுலயும் ஒரே மாதிரியா?" அவர் குரல் எழும்பியது. "நல்லதாப் போச்சு மலர். ஆஸ்பத்திரி நம்பர்தான் சரின்னு எடுத்துக்கிட்டு, ஒரு ஃபாக்டர் போட்டுப் பெருக்கிடுங்க. நம்ம கணக்குல இடிக்கிறதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அடுத்த வாரம் லேசர்ல எனக்கு பீம்டைம் ஒதுக்கிருக்காங்க."

"எதனாலன்னு தெரியாமப் பெருக்கக் கூடாது சார்."

"எதனாலன்னு அப்புறம் பாத்துக்கலாமே."

"இங்க மெஷினே தப்பா இருந்தா? தப்பான நம்பரால பெருக்குன மாதிரி ஆயிடும். சாயந்தரம் சொல்றேன் சார்."

அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் "சரி" என்றார்.

அடுத்து அக்கா கூப்பிட்டாள். அவள் கூப்பிட்டால் ஒரு விஷயமும் இருக்காது.

"சாப்ட்டியா?"

"ம். நீ?"

"இப்பத்தான் வயல்லேருந்து வந்தேன். நடவு முடிஞ்சிருச்சு. என்ன, தண்ணி கொட்டுற சத்தம் கேக்குது? ஞாயித்துக்கெழமகூடத் தொவச்சுக்கிட்டுருக்கியா?"

"இல்லக்கா, வேல. கை எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. மேல தூக்குறேன் இப்ப. நாத்துக்கட்டக்கூடத் தூக்கிப் போட்டேன். ஏன் கேக்குற?"

"சும்மாத்தான்."

"சும்மா கேக்குற ஆளா நீ," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

டிடெக்டர் இறங்க ஆரம்பித்தது. திரையில் கோடு ஒன்று ஏறி, தட்டையாகி, பிறகு சரிந்தது. நஸ்ரின் முதலில் ஒன்பதைப் பார்த்தார். நான் கேட்காமலே ஒன்பதை முதலில் எடுத்தார் என்பதை வெகுநேரம் கழித்துத்தான் உணர்ந்தேன். பாதியாகும் ஆழத்தைப் படித்து, போன மாதத்து எண்ணோடு ஒப்பிட்டார். அப்படியே இருந்தது. பன்னிரண்டு, அப்படியே. ஆறும் பதினைந்தும் அப்படியே.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "அல்ஹம்துலில்லாஹ்," என்று மெதுவாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒங்க காந்தந்தான் மேடம்."

நானும் சிரித்தேன். தப்பு என்னுடையது என்று ஒருவர் சொல்லி நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அது கொஞ்ச நேரம்தான். பிறகு கேள்வி என் பக்கம் திரும்பியது. கருங்கல் மேசையில் ஒரு எண் காட்டிய காந்தம் இங்கே ஏன் வேறு எண் காட்டுகிறது? அறை எங்கள் அறையைவிடக் குளிர்ச்சிதான். குளிர்ந்தால் காந்தம் கொஞ்சம் பலம் கூடும், ஆனால் நூற்றுக்கு நாலு என்ற அளவுக்கு ஏறாது.

வண்டிக்கு அடியில்

யோசித்து விடை கிடைக்கவில்லை. பெட்டி கட்டும்போது கிடைத்தது.

நஸ்ரின் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துக் காந்தத்தை ஓரத்துக்கு நகர்த்தப் பார்த்தோம். காந்தம் நகரவில்லை. வண்டி நகர்ந்தது. அவர் காலால் சக்கரத்தைத் தடுத்துக்கொண்டு மறுபடி இழுத்தார். ரப்பர் விரிப்பின் பிடி என்று நினைத்து, தூக்கினோம். கையில் அதன் எடையைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. ஒரு விரற்கடை மேலே வந்ததும் அந்தக் கூடுதல் சட்டென்று விட்டுப்போனது. காந்தத்தோடு வேலை செய்கிறவர்களுக்கு அந்த விடுபடல் நன்றாகத் தெரியும்.

காந்தத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு பேரும் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தோம். மெல்லிய பிளைவுட்டுக்குக் கீழே முழு நீளத்துக்கு ஒரு இரும்புத் தகடு வெல்டு செய்திருந்தது.

"இது எப்ப வச்சாங்கன்னே தெரியல," என்றார் நஸ்ரின். "ஈயம் தாங்காமப் பலக தொங்கிருக்கும். நான் வர்றதுக்கு முன்னாடியே பண்ணிருப்பாங்க."

ஹால் ப்ரோப்பை எடுத்தேன். காந்தத்தை மறுபடி வண்டி மேல் வைத்து அதன் நடுவில் படித்தேன். பிறகு காந்தத்தை நோயாளி படுக்கும் மேசைக்கு மாற்றினோம். அது கார்பன் ஃபைபர், அதில் இரும்பு கிடையாது. மறுபடி படித்தேன். மேசையில் எங்கள் காரைக்கால் எண். வண்டியில் அதைவிட நூற்றுக்கு நாலு அதிகம்.

காரணம் எளிது. காந்தப் புலம் ஒரு துருவத்திலிருந்து இன்னொன்றுக்குச் சுற்றி வர இரும்புச் சட்டம் வேண்டும். சேதுராமன் குழு எடை குறைய வேண்டும் என்று கேட்டதால் இந்தக் காந்தத்துக்குச் சட்டத்தை மெல்லியதாகச் செய்திருந்தார்கள். அதனால் கொஞ்சம் புலம் வெளியே வழிந்துகொண்டிருந்தது. வண்டியின் தகடு அதற்கு இன்னொரு பாதை போட்டுக் கொடுத்தது, நடுவில் புலம் கூடியது, எலக்ட்ரான் அதிகம் வளைந்தது. அதிகம் வளைந்ததை நாங்கள் எனர்ஜி குறைந்தது என்று படித்தோம்.

கார்பன் மேசையிலேயே வைத்து நாலு எனர்ஜியையும் மறுபடி எடுத்தோம். நாலும் தண்ணீர்த் தொட்டி எண்ணின் மேல் போய் உட்கார்ந்தன. வெளியே வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஆஸ்பத்திரி கேன்டீனில் ஆளுக்கு இரண்டு பஜ்ஜி சாப்பிட்டோம். காலையிலிருந்து இரண்டு பேரும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அக்காவிடம் நான் சொன்னது பொய்.

மறுநாள் நஸ்ரினிடமிருந்து செய்தி வந்தது. மூன்று பேருக்கும் வைத்தாகிவிட்டது, பட்டினச்சேரிக்காரர் முதல் ஆளாக வந்து முதல் ஆளாகப் போனார்.

சேம்பருக்குள்

ஞாயிறு சாயந்தரமே சேதுராமனுக்குப் போன் செய்தேன்.

"சார், அங்க ஒங்க வேக்குவம் சேம்பருக்குள்ள காந்தம் எதுமேல ஒக்காந்துருக்கு?"

"பிரெட்போர்டு பிளேட் மேல. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதுல காந்தம் ஒட்டாது மலர்."

"எல்லா ஸ்டெயின்லெஸ்ஸும் அப்படி இல்ல சார். ஃப்ரிட்ஜ்ல ஒட்டுற பொம்ம ஏதாவது இருந்தா வச்சுப் பாருங்க."

மறுநாள் காலையில் அவரே கூப்பிட்டார். "ஒட்டுது," என்றார்.

காந்தத்தை இங்கே எத்தனை தடவை அளந்தாலும் பயன் இல்லை என்று அப்போது தெரிந்துவிட்டது. அது உட்காரும் இடத்திலேயே போய் அளக்க வேண்டும். எங்கள் துறைத்தலைவர், "அவங்கதானே எப்பவும் காந்தத்த அனுப்புவாங்க, நீங்க எதுக்குப் போறீங்க?" என்று கேட்டார். "அந்தப் பிளேட்டப் பேத்து அனுப்ப முடியாது சார்," என்றேன். கையெழுத்துப் போட்டார். ஹால் ப்ரோப்பைப் பருத்தித் துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

அத்தனை வருடம் அவர்களுக்காக அளந்திருக்கிறேன், அந்த லேசரை அதுவரை பார்த்ததில்லை. வெள்ளை அங்கி, தொப்பி, காலுக்கு உறை எல்லாம் மாட்டி உள்ளே அனுப்பினார்கள். சேம்பரின் கதவு ஒரு ஆள் நுழையும் அளவு. பாதி உடம்பை உள்ளே நுழைத்து, சேதுராமன் வெளியிலிருந்து விளக்குப் பிடிக்க, காந்தத்தை அதன் இடத்திலேயே வைத்து மேப் எடுத்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. ஆனால் புலம் பளிச்சென்று தெரிந்தது. அந்தப் பிளேட் தள்ளுவண்டித் தகட்டைவிடக் கனம், காந்தத்துக்குப் பக்கமும் கூட. நடுவில் ஒரு அளவு கூடியிருந்தது, ஓரத்தில் வேறு அளவு. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒரே ஃபாக்டரால் பெருக்கியிருந்தால் ஒரு எனர்ஜிக்குக்கூடச் சரியாக வந்திருக்காது.

புது மேப்பை வைத்துப் பழைய ஷாட்களை மறுபடி கணக்கிட்டார்கள். எல்லா எண்ணும் ஏறின. கணக்குப் போடுகிறவர்கள் சொல்லிக்கொண்டிருந்த எண்ணுக்கு மிகப் பக்கத்தில் வந்து நின்றன.

"மூணு வருஷமா நம்ம எலக்ட்ரான நாமளே கொறச்சு மதிச்சிருக்கோம்," என்றார் சேதுராமன். கேன்டீனுக்குப் போகும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு நின்று, "நம்பர் எறங்கிருந்தா நான் இவ்வளவு சந்தோஷமா ஒத்துக்கிட்டிருப்பேனா மலர்?" என்று கேட்டார்.

"ஒத்துக்கிட்டிருப்பீங்க சார். கொஞ்சம் லேட்டா."

அடுத்த நாள் கண்ட்ரோல் அறையில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். யாரோ பத்திலிருந்து இறங்கி எண்ணிக்கொண்டு வந்தார், ஒன்று வந்ததும் எங்கோ சுவருக்கு அந்தப் பக்கம் சின்னதாக ஒரு 'டக்'. திரையில் ஒரு பச்சைக் கோடு தோன்றியது. அதன் நுனி எந்த எனர்ஜி என்று அங்கிருந்த எல்லாரும் என் மேப்பை வைத்துத்தான் படித்தார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதிலிருந்து சொல்ல என்னிடம் இரண்டு விஷயங்கள்தான் இருக்கின்றன. உங்கள் அளவு இன்னொருவருடைய வேலையைச் சந்தேகிக்க வைத்தால், அன்றைக்கே, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். பதில் கிடைக்கும்வரை கூட இருந்து ஹோஸ் பைப்பையாவது பிடியுங்கள். நஸ்ரின் அன்றைக்குக் கோபப்பட்டிருக்கலாம், கதவைச் சாத்தியிருக்கலாம். அவர் தண்ணீரை ஊற்றினார். அதனால் நானும் என் பக்கத்தைத் தேடினேன்.

இரண்டாவது, கேலிப்ரேஷன் என்கிற அளவுச் சரிபார்ப்பு கருவிக்கு மட்டும் கிடையாது, அது இருக்கும் இடத்துக்கும் சேர்த்துத்தான். இப்போதெல்லாம் எந்த ஆய்வகத்திலிருந்து காந்தம் வந்தாலும், அது கடைசியில் உட்காரப்போகும் இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறோம். சிலர் முணுமுணுத்துக்கொண்டே அனுப்புகிறார்கள். போன மாதம் வந்த ஒன்றுக்கு இன்னும் படம் வரவில்லை. மூன்று தடவை போன் செய்து, "இன்னும் அளக்கலையா?" என்று கேட்டுவிட்டார்கள். நான் அதை அளக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறேன். மர அலமாரி.